ஊவாவின் கானும் கணக்கும்

பழந்தமிழில் கான் என்றால் காடு. கான்யாறு என்றால் காட்டாறு. இலங்கையின் ஊவாவில், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கான் என்றால் தேயிலை மலையின் குறுக்கே வெட்டிய வடிகால். ‘கான் வெட்டு’ அங்கே ஒரு வேலையின் பெயர், கொந்தரப்பாகவும் (ஒப்பந்த வேலையாகவும்) கொடுக்கப்படுவது. இரண்டு சொல்லும் ஓசையில் ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் பதுளு ஓயாவும் உமா ஓயாவும் லொக்கல் ஓயாவும் பிறக்கும் மலைகளில் கடந்த நூற்றெண்பது ஆண்டுகளில் நடந்தது இதுதான்: முதலில் ஒரு கான் வெட்டப்பட்டது, பிறகு இன்னொரு கான் வெட்டப்பட்டது. வினைச்சொல்கூட மாறவில்லை. இந்த இரண்டு வெட்டுக்கும் பின்னாலேயே பாதை வந்தது, ரயில் வந்தது. ஓர் ஓடையில் மழைநாளில் எவ்வளவு நீர் வரும், அதற்கு எவ்வளவு அகலமான வழி விடவேண்டும் என்று கணக்குப் பார்க்கும் தேவையும் வந்தது. அந்தக் கணக்கில் ஓடைக்கு நீர் தரும் நிலத்தின் பரப்பளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இன்னோர் எண்ணை யாரும் நின்று பார்க்கவில்லை. ஊவாவின் தோட்ட வரலாறு முழுவதும் அந்த இரண்டாவது எண்ணுக்குள்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

மலைப்பாதை போடும் பொறியியலாளரின் சங்கடத்தை முதலில் பார்க்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஓர் ஓடை குறுக்கிடும். எந்த ஓடையிலும் நீர் அளந்த குறிப்பு கிடையாது. முப்பது வருட மழைக் கணக்கும் கையில் இல்லை. ஆனால் மதகு கட்டியாக வேண்டும், அதுவும் இந்த மழைக்கு முன்னால். அவரால் அளக்க முடிந்தது ஒன்றே ஒன்று: எந்த முகட்டிலிருந்து எந்த முகடு வரைக்கும் விழும் மழை இந்த ஓடைக்கு வந்து சேரும் என்பது. அந்த நீரேந்து பரப்பிலிருந்து நேரே வெள்ளத்துக்குப் போகும் குறுக்குவழிகளைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரிசையாகத் தந்தது. அயர்லாந்தில் மல்வேனி 1851இல், மழையின் வேகத்தையும் பரப்பையும் பெருக்கி அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் முறையைச் சொன்னார். வங்காளத்தில் டிக்கன்ஸ் 1865இலும், சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் 1884இலும் மழையைக்கூட விட்டுவிட்டார்கள். பரப்பின் முக்கால் அடுக்கு, அல்லது மூன்றில் இரண்டு அடுக்கு. அதை ஒரு குணகத்தால் பெருக்கினால் உச்ச வெள்ளம். அமெரிக்கரான டால்பட் 1887இல் இன்னும் ஒரு படி தாண்டினார்: வெள்ளத்தையே கேட்காமல், பரப்பிலிருந்து நேரே மதகு வாயின் அளவைச் சொல்லிவிடும் சூத்திரம் அவருடையது. தமிழ்நாட்டு ஏரிகளின் கலிங்குகளுக்கு இன்றும் கைகொடுக்கும் ரைவ்ஸ் முறையில் பரப்பு எட்டு மடங்கானால் வெள்ளம் நான்கு மடங்குதான் ஆகும். பெரிய நிலத்தில் எல்லா இடத்து நீரும் ஒரே நேரத்தில் வந்து சேராது என்ற அனுபவ அறிவு அந்த அடுக்குக்குள் அடங்கியிருக்கிறது. குணகம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு: கிழக்குக் கரையோரச் சமவெளிக்கு 6.8, கரையிலிருந்து விலகிய உள்நாட்டுக்கு 8.5, மலையடிவாரத்துச் சிறு பரப்புகளுக்கு 10.2 (சதுர கிலோமீற்றரில் பரப்பு, விநாடிக்குக் கன மீற்றரில் வெள்ளம்). இந்த மூன்று எண்ணையும் ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். சரிவு, மண், மரம், மழை, உழவு, மேய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன் மேல் ‘மலையடிவாரம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமுனுகுல மலையின் ஒரு சரிவை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு கண்டி அரசன் காலத்தில் எவ்வளவோ அவ்வளவுதான் இன்றைக்கும். முகடுகள் நகர்வதில்லை. ஆகவே சூத்திரத்தில் காலத்தோடு மாறக்கூடியது குணகம் மட்டுமே. அதைப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு தடவை எடுத்துக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவிட்டால், கட்டிய ஆண்டின் நிலத்தைப் பற்றிய ஓர் ஊகம் அங்கேயே உறைந்துவிடும். ரயில் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்காத பயணி இல்லை. ஆனால் நீரின் வரலாறு தேடுபவருக்கு அந்தப் பாலம் அவ்வளவாக உதவாது. அதன் உயரத்தையும் நீளத்தையும் தீர்மானித்தது தண்டவாளத்தின் மட்டம். கீழே ஓடும் நீருக்கு ஒன்பதில் ஒரு வளைவு தாராளம். அந்தப் பாலத்துக்கு முன்னும் பின்னும், பெயரே இல்லாமல், தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து கிடக்கும் மதகுகள்தான் ஆவணம். ‘இந்த மலையிலிருந்து இதற்கு மேல் நீர் வராது’ என்று ஒருவர் நம்பியதன் அளவு அந்த வாயின் அகலம்.

அந்த நம்பிக்கைக்கு முன்னால் ஊவா எப்படி இருந்தது? இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழும். ஊவா ஒன்றும் முழுக் காடாக இருந்த நிலமல்ல. வெலிமடை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் பத்தனைப் புல்வெளி, மழை விழுந்தால் முன்பும் வேகமாகத்தான் ஓடியிருக்கும், வெள்ளைக்காரத் துரைமாரின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது சரியா என்று கேட்பார்கள். புல்வெளி பற்றிய தகவல் சரிதான். பியர்சன் 1899இல் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி எழுதியபோதே அவை இந்நாட்டு மலைகளின் பெரிய பகுதியை மூடியிருந்தன. ஆனால் அதே உண்மை என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. கோப்பி போட வந்தவர்கள் பத்தனையை விரும்பவில்லை. அதன் மண் மெலிந்தது என்று ஒதுக்கிவிட்டு, இலைமக்கு நிறைந்த காட்டு மண்ணையே தேடிப்பிடித்து வாங்கினார்கள். ஒரு வடிநிலத்தில் மழையை உறிஞ்சி வைத்து மெல்ல விடும் பகுதி எதுவோ, அதுவே தேர்ந்தெடுத்து வெட்டப்பட்டது. வேகமாக நீரை விடும் புல்வெளி அப்படியே இருக்க, அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்த காடு போயிற்று. மொத்தப் பரப்பில் காட்டின் பங்கு சிறிதாக இருந்த இடத்தில், அதை இழந்ததன் விளைவு பெரிதாகத்தானே இருக்கும்.

ஊவாவுக்கு இன்னொரு பழைய நீர்க்கணக்கும் இருந்தது. கிராமத்தார் ஓடையில் அமுண என்ற அணை கட்டி, எல என்ற வாய்க்கால் வழியே வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். அந்த வாய்க்கால் கீழே எத்தனை வயல் இருக்கிறது என்பதைப் பார்த்து வெட்டப்பட்டது. மேலே எவ்வளவு மலை இருக்கிறது என்பது அதற்கு வேண்டியதில்லை. மிஞ்சிய நீர் அணையைத் தாண்டிப் போகும், போகட்டும். 1817, 1818 கிளர்ச்சியை ஒடுக்கிய படைகள் இந்த அமைப்பில் பெரும்பகுதியை அழித்தன. 1850களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி அந்தச் சிதைவைப் பார்த்து எழுதியவை, 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்துக்கு ஒரு தூண்டுகோல். வேடிக்கை என்னவென்றால், கீழே வயலுக்கு நீர் திருப்ப அரசு சட்டம் போட்ட அதே பத்தாண்டுகளில் மேலே கோப்பிக்குக் காடு விற்றுக்கொண்டிருந்ததும் அரசுதான். கியூ தாவரத் தோட்டத்தின் ஹூக்கர் எச்சரித்த பிறகே, 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பதற்குத் தடை வந்தது. ஊவாவின் பெரும்பாலான தோட்டங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தன.

மடுல்சீமையில் 1869இல் கோப்பி இலையில் தெரிந்த பூஞ்சை அந்தப் பயிரையே முடித்துவைத்தது. தேயிலை வந்தது, ஆனால் மலையை நடத்தும் முறை கோப்பிக் காலத்து முறைதான். ஒரு புல்கூட இல்லாத மலை நல்ல துரையின் அடையாளம். சுரண்டியை எடுத்துக்கொண்டு மாதம் தவறாமல் மண்ணை வழித்தார்கள். வழித்த மண் மழையில் போகாதிருக்கக் கான் வெட்டினார்கள். குறுக்குக் கான்கள் நீரை ஏந்தி, நெட்டாக இறங்கும் பெரிய கானில் சேர்க்கும். அது ஓடையில் விழும். இதை நீரியலின் மொழியில் சொன்னால் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. மண்ணில் இறங்க வேண்டிய நீரில் ஒரு பகுதி மேலோடு ஓடியதால் குணகம் கூடியது. இலைச்சருகிலும் வேரிலும் தயங்கித் தயங்கி வரவேண்டிய நீர் வெட்டிய வழியில் ஓடியதால், முகட்டிலிருந்து மதகுக்கு வரும் நேரம் குறைந்தது. இரண்டாவது மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. நேரம் குறைந்தால் கணக்கில் எடுக்கவேண்டிய மழை சிறுபொழுதின் மழை. சிறுபொழுதின் மழை எப்போதும் உக்கிரமானது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 ஹெக்டயர் மலை, மணிக்கு 75 மில்லிமீற்றர் மழை, விழுவதில் முப்பது சதவீதம் உடனே ஓடுகிறது என்று கொண்டால் மல்வேனி முறையில் விநாடிக்கு 2.5 கன மீற்றர் நீர் வரும். நீர் விநாடிக்கு மூன்று மீற்றர் வேகத்தில் பாய்ந்தால் ஒரு மீற்றர் குறுக்களவு கொண்ட குழாய் ஏறக்குறைய அதைத் தாங்கும். இனி பரப்பைத் தொடாமல், ஓடும் பங்கை அறுபது சதவீதமாகவும், நேரம் சுருங்கியதால் மழையை மணிக்கு 100 மில்லிமீற்றராகவும் மாற்றினால் 6.7 கன மீற்றர் வருகிறது, குழாய் 1.7 மீற்றருக்கு அகல வேண்டும். நில அளவைப் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மலையின் அதே 40 ஹெக்டயருக்கு ரைவ்ஸ் முறையில் மலையடிவாரக் குணகம் போட்டால் சுமார் 5.5 கன மீற்றர் கிடைக்கும். சென்னை மாகாணத்து அனுபவத்தில் பிறந்த அந்த எண், தற்செயலாகவோ என்னவோ, மரம் நிற்கும் மலையைவிட வழித்த மலைக்கே கிட்ட வருகிறது. மாதிரிக் கணக்கிலிருந்து இதற்கு மேல் எதையும் நிறுவ நான் முயலவில்லை. பிழை எந்தத் திசையில் போகும், எவ்வளவு பெரிதாகும் என்பதைக் காட்ட இது போதும்.

கான் மண்ணைக் காக்கத்தானே வெட்டப்பட்டது, அதைக் குற்றவாளி ஆக்கலாமா? தேயிலை அறிந்தவர்கள் இப்படிக் கேட்பார்கள், கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மண்ணரிப்பை ஆராய்ந்த குழு 1931இல் அறிக்கை கொடுத்தது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் சமவுயரக் கானையும் கற்கட்டையும் மரநிழலையும் வலியுறுத்தி வந்தது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. செம்மையாக வெட்டிய கானுக்குள் இடைவிட்டு இடைவிட்டுக் குழியும் சிறு மண்திட்டும் இருக்கும். நீர் குழியில் நின்று, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, திட்டின் மேல் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். இப்படிப்பட்ட கான் நீரின் வேகத்தைக் குறைக்கிறது, குணகத்தை இறக்குகிறது. ஆனால் குழி நிரம்பிவிட்டால்? அதே கான் வெறும் சரிவான வாய்க்கால். வண்டல் அள்ளாமல் விட்ட ஒரு வருடத்தில் மண்பாதுகாப்பு ஏற்பாடு வெள்ளப்பாதையாக மாறிவிடுகிறது. எந்தச் சூத்திரத்திலும் இந்த மாற்றத்துக்கு இடமில்லை. ‘தேயிலை நிலம்’ என்று அட்டவணையில் ஒரே வரி.

கீழே உள்ள கிராமத்து வயல்கள் இதற்குச் சாட்சி. மலையிலிருந்து வந்த மண் ஓடைப்படுகையை உயர்த்தி, வாய்க்காலை மூடி, வயலில் ஏறியது. கண்டிய விவசாயிகளின் நிலை பற்றி ஆராய்ந்த 1951ஆம் ஆண்டு ஆணைக்குழு தோட்டங்களால் கிராமங்கள் பட்ட பாட்டைப் பதிவுசெய்தது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கிராமத்துச் சிங்கள விவசாயியின் வயலில் ஏறிய மண்ணுக்கு, மேலே சுரண்டி பிடித்த தமிழ்த் தொழிலாளியைப் பொறுப்பாளி ஆக்கும் பேச்சு இந்த நாட்டு அரசியலில் அடிக்கடி கேட்டது. சுரண்டச் சொன்னது யார், கானுக்கு எத்தனை ஆள் போடுவது என்று தீர்மானித்தது யார் என்ற கேள்வியை அந்தப் பேச்சு கேட்பதேயில்லை. வெலிமடைப் பக்கத்தில் செங்குத்தான நிலத்தில் பெருகிய உருளைக்கிழங்கும் மரக்கறியும் தேயிலையைவிட அதிகமாக மண்ணை இழக்கின்றன என்பதும் மெய். நல்ல மூட்டமுள்ள தேயிலைக்கு அடியில் மண் ஓரளவு பத்திரம். ஆபத்து, செடி செத்து இடைவெளி விழுந்த பழைய விதைத்தேயிலை மலையில்.

ஓடையின் அகலத்தைக் கொண்டே நீரை ஊகிக்கும் வழி ஒன்றும் உண்டு. பஞ்சாப் கால்வாய்களில் கென்னடி 1895இல் தொடங்கிவைத்த ஆய்வைத் தொடர்ந்து 1930இல் லேசி கண்டறிந்தது, மண்ணில் ஓடும் வாய்க்கால் தன் நீருக்கேற்ற அகலத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் என்பது. அகலம் நீரின் வர்க்கமூலத்தோடு போகிறது. 1953இல் லியோபோல்டும் மேடொக்கும் இயற்கை ஆறுகளுக்கும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். எனவே நீரேந்து பரப்பு இவ்வளவு, ஓடை இத்தனை மீற்றர் என்று ஒரு வட்டாரத்துக்கே ஒரு வரைகோடு போட்டுவிடலாம் என்று ஆசை வருவது இயல்பு. ஊவாவில் அந்த ஆசை பாறையில் முட்டுகிறது, சொல்லளவில் அல்ல, நேராகவே. துன்ஹிந்தவில் குதிக்கும் பதுளு ஓயா தன் கரையைத் தானே செதுக்கும் சமவெளி ஆறல்ல. வெள்ளம் இருமடங்கானாலும் பாறை அகலாது. நீர் உயரும், வேகம் கூடும், எங்கே மண் கிடைக்கிறதோ அங்கே கரையைத் தின்னும். ஊவா மலைகளின் மண் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றைக் காட்டலாம். 1990இல் இயங்கத் தொடங்கிய ரந்தம்பே நீர்த்தேக்கத்தின் வாசலில்தான் உமா ஓயா மகாவலியோடு சேர்கிறது. அந்தச் சின்ன நீர்த்தேக்கத்தில் வண்டல் விரைந்து நிறைந்தது.

பெருமழை வந்தால் காடாவது கானாவது, எல்லா மலையும் ஒன்றுதான் என்பது கடைசி மறுப்பு. ஊவாவின் வானிலையும் அதற்குத் துணை நிற்கிறது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலையை உலர்த்தும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தந்த மணம் அந்தக் காய்ச்சலின் பரிசு. ஐப்பசியில் இடிமழை, அதன் பின்னே வடகீழ்ப் பருவமழை. நாட்கணக்கில் பெய்து மண் நிரம்பியபின் காட்டு மண்ணும் இனிமேல் உறிஞ்சாது என்பது சரியே. ஆனால் மதகுகள் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்காகவா கட்டப்படுகின்றன? ஆண்டுக்கு ஆண்டு வரும் நடுத்தர மழையில்தான் குணகத்தின் வித்தியாசம் முழுதாகத் தெரியும். மதகு வாயில் மண்ணும் சுள்ளியும் அடைவதும் அப்போதுதான். அடைந்த மதகைத்தான் பெருமழை வந்து சந்திக்கிறது. நீர் வெளியேற வழியில்லாமல் சரிவுக்குள் தேங்கினால் பேச்சு வெள்ளத்திலிருந்து மண்சரிவுக்கு மாறிவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் தொழிலாளர் லயங்கள் மேல் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அங்கே கணக்கு பொய்க்கவில்லை. கணக்கைக் கேட்டு நடக்க ஆளில்லை.

நீர்ப்பாசனத் திணைக்களத்துக்காக ஏ. ஜே. பி. பொன்ராஜா 1984இல் தொகுத்த, சிறு நீரேந்து பரப்புகளுக்கான வழிகாட்டி இந்தக் கதையில் ஒரு திருப்பம். பரப்பை வெறும் பரப்பாகப் பார்க்காமல், நாட்டை நீரியல் வலயங்களாகப் பிரித்து, ஒரு சதுர மைலுக்குப் பெரும்போகத்தில் இவ்வளவு, சிறுபோகத்தில் இவ்வளவு என்று சமவிளைவுக் கோடுகளை அது கொடுத்தது. வெளிநாட்டு மூட்டைக்குப் பதிலாக உள்ளூர் மழையை வைத்த வேலை அது. ஆயினும் வலயம் என்பது பரந்த நிலம். பசறைத் தோட்டம் ஒன்றின் இரண்டு பக்கத்து மலைகளில் ஒன்று கான் அள்ளியது, மற்றது அள்ளாதது என்ற வேறுபாடு அந்தக் கோடுகளுக்கு எட்டாது. பரப்பு மாறாது என்று மேலே சொன்னேனே, அதையும் உமா ஓயாத் திட்டம் கொஞ்சம் திருத்தியது. பண்டாரவளை மலைகளுக்கு அடியில் குடைந்த அதன் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. முகட்டுக்கு முகடு கோடு போட்டு அடைத்த நீரேந்து பரப்புக்குக் கீழே, அந்தக் கோட்டை மதிக்காத இன்னொரு நீரேந்து பரப்பு பாறைப் பிளவுகளில் இருந்தது.

பழைய குணகத்தை மீட்டெடுக்க வழி இல்லாமல் இல்லை, ஆனால் அது நீரியலாளர் வழக்கமாகத் தேடும் இடத்தில் கிடைக்காது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு திருப்பத்திலும் மலையில் நிற்கும் ஆட்களின் கணக்கு மாறியது. ஆள் குறைந்தால் கொழுந்து பறிப்பதை நிறுத்த மாட்டார்கள்; முதலில் நிற்பது கான் அள்ளுவதுதான், ஏனென்றால் அதன் பலன் அந்த மாதத்து இறாத்தலில் தெரியாது. தோட்ட அலுவலகத்து வேலையாள் பேரேடான செக்ரோலில் கொழுந்துக்கு எத்தனை பேர், கவ்வாத்துக்கு எத்தனை பேர், கானுக்கு எத்தனை பேர் என்று ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே தோட்டத்தின் செக்ரோலை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அடுக்கி, கானுக்குப் போன ஆட்களை மட்டும் பிரித்து, அதன் பக்கத்தில் பதுளை நிலையத்தின் மழையையும் கீழே பாதை உடைந்த நாட்களையும் வைத்துப் பார்க்கலாம். பல தோட்டங்களில் அந்தப் பேரேடுகள் தொழிற்சாலை மாடியில் கரையான் தின்னக் கிடக்கின்றன.